பிஞ்சு நெஞ்சில் ஒரு ப்ரோப்: நுரையீரல் ஸ்கேன் கற்க நினைப்பவருக்கு

வடசென்னையின் மூலக்கொத்தளம் என்றதும் வெளியூர்க்காரருக்கு நினைவுக்கு வருவது இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கைதாகி 1939-இல் சிறைக்காவலில் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும்தான். அங்கேயே குடியிருப்பவர்களுக்கு வேறு கணக்கு: அடிபட்டால் ஸ்டான்லி, பிரசவம் என்றால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அங்கே இல்லையென்றால் மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரி, அதுவும் இல்லையென்றால் தெருமுனை நர்சிங் ஹோம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் இதே வழக்கம்தான்.

அங்கே பிறந்து நன்றாக அழுத குழந்தைகளில் சிலருக்குக் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும். நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டும் மூச்சு, விடைக்கும் மூக்கு, விலாவுக்கு நடுவே விழும் குழி, மூச்சை விடும்போதெல்லாம் ஒரு முனகல். அந்த நேரத்தில் டூட்டியில் இருப்பது நீங்கள். நுரையீரலில் தண்ணீர் வடியவில்லையா, சர்ஃபாக்டன்ட் போதவில்லையா, மலம் கலந்த பனிக்குட நீரை உறிஞ்சிவிட்டதா, தொற்றா, காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டில் தேங்கிவிட்டதா, அல்லது நுரையீரல் நன்றாக இருந்து இதயத்தில்தான் கோளாறா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. சிலவற்றில் காத்திருக்கலாம், சிலவற்றில் முடியாது. போர்ட்டபிள் எக்ஸ்ரே மெஷின் எந்த வார்டில் நிற்கிறது என்று ஆள் அனுப்பித் தேடும் நேரத்துக்குள், வார்மர் பக்கத்திலேயே ப்ரோப்பை வைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வர முடியும். அதனால்தான் பச்சிளம் குழந்தை மருத்துவத்தில் வேலை தேடுகிறவர்களிடம் 'லங் அல்ட்ராசவுண்ட் தெரியுமா?' என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

இதைக் கற்றுக்கொள்வது பலரும் பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை. கற்றதைச் சட்டப்படி, முறைப்படி, நள்ளிரவிலும் செய்யக்கூடிய இடத்தில் இருப்பதுதான் கடினம். இந்தக் கட்டுரையின் பின்பகுதி அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றியது.

திரையில் என்ன தெரியும்

ஒலி அலை காற்றுக்குள் போகாது, திரும்பி வந்துவிடும். நுரையீரல் முழுக்கக் காற்று என்பதால், அதை ஸ்கேன் செய்ய முடியாது என்றே வெகுகாலம் சொல்லிக்கொடுத்தார்கள். பிரான்ஸின் தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைன் அந்தப் பிம்பக் கோளாறுகளையே படிக்கலாம் என்று பிடிவாதமாக நின்றார். பெரியவர்களுக்கான அவருடைய 'ப்ளூ' நெறிமுறை 2008-இல் வெளியானது. பிறந்த குழந்தைக்கு இந்த முறை இன்னும் பொருந்தும். நெஞ்சுச் சுவர் மெல்லியது, கொழுப்பு குறைவு, எல்லாம் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் கிடக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது இரண்டு விலா நிழல்களுக்கு நடுவே ஓடும் வெள்ளைக் கோடு. அதுதான் ப்ளூரா. மூச்சோடு சேர்ந்து அது வழுக்கி நகர்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே சம இடைவெளியில் கிடைமட்டமாகத் திரும்பத் திரும்பத் தெரிபவை ஏ-கோடுகள். அவை காற்று இருப்பதைச் சொல்கின்றன. ப்ளூராவிலிருந்து செங்குத்தாகத் திரையின் அடிவரை இறங்கி, மூச்சோடு அசைபவை பி-கோடுகள். அவை ஈரத்தைச் சொல்கின்றன. பி-கோடுகள் நெருங்கி ஒன்றாகி, இடைவெளியே இல்லாமல் வெளுத்துப்போனால் அதற்குப் பெயர் வெள்ளை நுரையீரல். இந்த நாலு விஷயம் கண்ணுக்குப் பழகிவிட்டால் மிச்சமெல்லாம் இவற்றின் கலவைதான்.

நம் ஊரில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது ஈர நுரையீரல். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். வலி வருவதற்கு முன்பே நாள் குறித்து எடுக்கும் சிசேரியனில், நுரையீரல் நீரை உறிஞ்சிக்கொள்ளும்படி குழந்தையின் உடலைத் தூண்டும் ஹார்மோன் மாற்றங்கள் முழுமையாக நடப்பதில்லை. நல்ல எடை, நல்ல நிறம், ஆனால் மூச்சு மட்டும் 80 என்று வார்மரில் கிடக்கும் குழந்தை பெரும்பாலும் இந்த வகை. 2007-இல் இத்தாலியின் கோபெட்டியும் கட்டரோசியும் இதற்கு ஒரு குறியைச் சொன்னார்கள். நுரையீரலின் மேல்பகுதி ஓரளவு தெளிவாகவும், கீழ்ப்பகுதி பி-கோடுகள் அடர்ந்தும், இரண்டுக்கும் நடுவே சட்டென்று ஒரு எல்லை இருக்கும். அதற்கு 'இரட்டை நுரையீரல் புள்ளி' என்று பெயர். அந்தக் குறி இல்லாமலும் ஈர நுரையீரல் இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே, குறி தெரிந்தால் தெம்பு. தெரியாவிட்டால் யோசனையை நிறுத்திவிடக் கூடாது.

குறைமாதக் குழந்தைக்குச் சர்ஃபாக்டன்ட் போதாமல் வரும் மூச்சுத்திணறலில் படம் வேறு மாதிரி. இரண்டு பக்கமும் வெள்ளை. தப்பித்த பகுதி என்று ஒன்றும் இருக்காது. ப்ளூரா தடித்து, ஒழுங்கற்று, அதன் அடியில் சின்னச் சின்னக் கட்டிகள்போல் காற்றில்லாத திட்டுகள். நுரையீரல் நுண்ணறைகளைச் சுருங்கவிடாமல் காக்கும் அந்த வழுவழுப்புப் பொருளின் குறைவுதான் காரணம் என்று மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959-இல் காட்டியதிலிருந்து இந்தத் துறையே மாறியது. இன்று பன்றி அல்லது மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழந்தையின் மூச்சுக்குழாயில் செலுத்துகிறோம். விலை உயர்ந்த மருந்து. சீக்கிரம் கொடுத்தால் பலன் அதிகம், தேவையில்லாமல் கொடுத்தால் வீண் தொந்தரவு. ஸ்கேனின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான்.

2015-இல் பிராட் குழுவினர் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பக்கமும் முன்மேல், முன்கீழ், பக்கவாட்டு என மூன்று, ஆக ஆறு இடம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 18. ஏ-கோடுகள் மட்டும் இருந்தால் 0, தனித்தனியாகப் பி-கோடுகள் என்றால் 1, அவை ஒட்டி வெளுத்தால் 2, பெரிய அளவில் காற்றே இல்லாமல் கெட்டிப்பட்டிருந்தால் 3. கூட்டுத்தொகை ஏற ஏறச் சர்ஃபாக்டன்ட் தேவைப்படும் வாய்ப்பும் ஏறுகிறது. இது 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களிடம் நன்றாகவும், அதற்கு மேற்பட்டவர்களிடம் அவ்வளவு நன்றாக இல்லாமலும் வேலை செய்தது. எந்த எண்ணில் கோடு போடுவது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு. உங்கள் யூனிட்டில் எது என்று மூத்தவர்களிடம் கேட்டு, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய நிபுணர்களின் 2022 வழிகாட்டி நெறிமுறை, சிபாப்பில் (மூக்கு வழியே தொடர் அழுத்தத்தில் காற்றுத் தரும் கருவி) 30 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்படுவதோடு சேர்த்து, நுரையீரல் ஸ்கேனையும் சர்ஃபாக்டன்ட் முடிவுக்கு ஓர் ஆதாரமாக ஏற்றுக்கொண்டது. நேர்காணலில் இந்த ஒரு வரி தெரிந்திருந்தாலே மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

எப்போது நம்பக் கூடாது

பிறந்த முதல் சில மணி நேரம் முழு ஆரோக்கியமான குழந்தையின் நுரையீரலிலும் பி-கோடுகள் இருக்கும், நீர் இன்னும் வடிந்துகொண்டிருப்பதால். அதைப் பார்த்துவிட்டு நோய் என்று எழுதுவது புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. முனகலில்லாமல் நன்றாகப் பால் குடிக்கும் குழந்தையை ஆர்வக்கோளாறில் ஸ்கேன் செய்யாதீர்கள்.

இரண்டாவது பொறி இதயம். நுரையீரல் ரத்தக்குழாய்கள் தவறான இடத்தில் சேர்ந்து, அங்கே அடைப்பும் இருந்தால், நுரையீரல் ஈரமாகி அச்சு அசலாகச் சர்ஃபாக்டன்ட் குறைபாடுபோலவே தெரியும். சர்ஃபாக்டன்ட் கொடுத்தும் ஆக்சிஜன் அளவு ஏறாவிட்டால் ப்ரோப்பை நெஞ்சின் நடுவுக்கு நகர்த்தி எக்கோ பார்க்கச் சொல்ல வேண்டும். மறுபக்கம், படம் சுத்தமாக இருக்கிறது, குழந்தையோ நீலமாகிறது என்றாலும் இதயத்தையும் நுரையீரல் ரத்த அழுத்தத்தையும்தான் சந்தேகிக்க வேண்டும்.

நிமோனியாவை ஸ்கேன் தனியாக உறுதி செய்யாது. கெட்டிப்பட்ட திட்டும், அதற்குள் மினுங்கும் காற்றும் தெரியலாம். மலநீர் உறிஞ்சிய குழந்தையிலும் கிட்டத்தட்ட அதே காட்சிதான். கல்ச்சர், ரத்தப் பரிசோதனை, தாயின் காய்ச்சல், பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரம் என்ற விவரம், இவையெல்லாம் சேர்ந்தால்தான் முடிவு. நுரையீரல் அளவுக்கு மீறி ஊதிப்போயிருப்பதையும், நடுப்பகுதியில் ஆழமாக இருக்கும் கோளாறையும் எக்ஸ்ரேதான் நன்றாகக் காட்டும். ஸ்கேன் வந்ததால் எக்ஸ்ரேக்கு வேலை போய்விட்டது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். தினம் ஒரு படம் என்று கதிர்வீச்சு வாங்கும் குறைமாதக் குழந்தைக்கு அதுவே பெரிய லாபம்.

காற்றுக்கசிவில் ஸ்கேன் மிகக் கூர்மையானது. ப்ளூரா வழுக்காது, பி-கோடு ஒன்றும் இருக்காது. எம்-மோடில், கடலும் மணலும்போல் தெரிய வேண்டிய படம் பார்கோடாக மாறிவிடும். (சாதாரணப் படத்துக்குக் 'கடற்கரைக் குறி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காசிமேட்டுக்காரருக்கு விளக்கத் தேவையில்லை.) நுரையீரல் ஒட்டியிருக்கும் பகுதியும் விலகிய பகுதியும் சந்திக்கும் இடம் தெரிந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு ஜெல் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. மூத்தவரைக் கூப்பிடுங்கள், ஊசியைக் கையில் எடுங்கள். ஸ்கேன் கையெட்டும் தூரத்தில் ஆன் ஆகி நின்றால் மட்டும் பாருங்கள்.

கைப்பழக்கம்

10 மெகாஹெர்ட்ஸுக்கு மேலான லீனியர் ப்ரோப், ஹாக்கி மட்டை வடிவச் சின்ன ப்ரோப் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆழம் மூன்று, நான்கு சென்டிமீட்டர் போதும். ஃபோகஸ் ப்ளூராவில். படத்தை அழகாக்கும் வசதிகளை, அதாவது ஹார்மானிக், காம்பவுண்ட் இவற்றை, அணைத்துவிடுங்கள். இங்கே நமக்கு வேண்டியதே அந்தக் கோளாறுகள்தான், மெஷின் அவற்றைத் துடைத்துவிடும்.

ஜெல் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். பாட்டில் ஜெல்லில் கிருமி வளர்ந்து நோயாளிகளுக்குத் தொற்று பரவியது வெளிநாடுகளில் பதிவான சங்கதி. பச்சிளம் பிரிவில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஸ்டெரைல் பாக்கெட்தான். உள்ளங்கையில் சிறிது நேரம் பொத்தி வைத்துச் சில்லிப்பு போனபின் தடவுங்கள். குளிர்ந்த ஜெல் ஒரு கிலோ குழந்தையின் உடம்புச் சூட்டை இறக்கிவிடும். ஒவ்வொரு குழந்தைக்கும் நடுவே ப்ரோப்பையும் ஒயரையும் துடைப்பது, எந்தத் திரவத்தால் துடைக்கலாம் என்று மெஷின் கம்பெனி கையேட்டில் பார்ப்பது, குழந்தையைக் கவிழ்க்காமல் படுத்த நிலையிலேயே சில நிமிடத்தில் முடிப்பது எல்லாம் வேலையின் பகுதி. இதில் சோம்பல் பட்டால் வார்டு சிஸ்டர்கள் உங்களை மெஷின் பக்கமே விடமாட்டார்கள். விடாதது சரியும்கூட.

படிப்பைப் பொறுத்தவரை, வார இறுதிப் பயிலரங்குச் சான்றிதழுக்குப் பணம் கட்டுவதைவிட ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவது மேல். முதல் பத்தியில் குழந்தையின் வாரக்கணக்கு, பிறந்து எத்தனை மணி நேரம், சிபாப் அழுத்தம், ஆக்சிஜன் சதவீதம். இரண்டாவதில் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்பே ஸ்கேனை வைத்து நீங்கள் எழுதும் முடிவு. மூன்றாவதில் எக்ஸ்ரே சொன்னது. நான்காவதை இரண்டு நாள் கழித்து நிரப்புங்கள்: கடைசியில் அது என்னவாக முடிந்தது. மூத்தவர் ஒருவர் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட வேண்டும். புதியவரும் அனுபவசாலியும் ஒரே படத்தைப் பார்த்து ஒரே முடிவுக்கு வருவது இந்த ஸ்கேனில் நன்றாகவே இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதனால் கண் சீக்கிரம் பழகும். நான்காவது பத்தி நிரம்பிய நோட்டு, எந்தச் சான்றிதழையும்விட நேர்காணலில் பேசும். குழந்தையின் பெயர், தாயின் பெயர் அதில் வேண்டாம். வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம்.

மெஷினுக்கும் சட்டம் உண்டு

இளம் மருத்துவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கே. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டம், கர்ப்பிணிக்குப் பயன்படுத்தும் மெஷினை மட்டும் பிடிப்பதில்லை. கருவைக் காட்டக்கூடிய திறன் உள்ள எந்த அல்ட்ராசவுண்ட் மெஷினும் பதிவாக வேண்டும். 'நான் குழந்தையின் நெஞ்சைத்தானே பார்க்கிறேன்' என்பது ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் செல்லாது. பதிவுபெற்ற இடத்தில் ஆளோ, முகவரியோ, மெஷினோ மாறினால் 30 நாள் முன்பே அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது விதி. 2012-இல் சேர்த்த திருத்தப்படி, போர்ட்டபிள் மெஷினைப் பதிவான வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கு மட்டும், அல்லது அனுமதி பெற்ற நடமாடும் மருத்துவ வாகனத்தில் மட்டுமே பயன்படுத்தலாம். முதல் முறை மீறலுக்கே மூன்று ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மெஷினுக்குச் சீல் வைப்பது தனி.

இதை வடசென்னை நிலவரத்தில் வைத்துப் பாருங்கள். காலையில் வண்ணாரப்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோம், மதியம் தண்டையார்பேட்டையில் இன்னொன்று, இரவு 'குழந்தைக்கு மூச்சு வாங்குது, சீக்கிரம் வாங்க சார்' என்று திருவொற்றியூரிலிருந்து போன். போனில் செருகிப் பார்க்கும் கைப்பிடி ப்ரோப் ஒன்று பையில் இருந்தால் எவ்வளவு வசதி! அந்த வசதிதான் உங்களை வழக்கில் மாட்டும். வெளிநாட்டு நண்பர் வாங்கிக் கொடுத்த ப்ரோப் என்றால் இன்னும் மோசம். நல்ல நோக்கம் இருக்கிறது என்பதால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது. ஒவ்வொரு நர்சிங் ஹோமிலும் அங்கேயே பதிவான மெஷினில், உங்கள் பெயரையும் பதிவில் சேர்த்த பிறகுதான் தொட வேண்டும். சேர்க்கச் சொல்லிக் கேட்கும்போது நிர்வாகம் முகம் சுளித்தால், அந்த வேலையே வேண்டாம் என்பது என் கருத்து.

யார் எந்த வழியில்

எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு நேர்வழி குழந்தை மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி., அதன்பின் நீட் எஸ்.எஸ். எழுதிப் பச்சிளம் குழந்தை மருத்துவத்தில் மூன்று ஆண்டு டி.எம். அல்லது டாக்டர்.என்.பி. சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே டி.எம். இருக்கிறது. அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) வழியாக உதவி மருத்துவராகச் சேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் மேற்படிப்பிலும் உயர்சிறப்புப் படிப்பிலும் 50 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. வடசென்னையில் பிறந்து வளர்ந்து, குடும்பச் சுமையும் உள்ள பிள்ளைகளுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். அவ்வளவு காலம் படிக்க முடியாதவர்களுக்குத் தேசிய பச்சிளம் குழந்தை மருத்துவக் கழகத்தின் ஃபெலோஷிப் ஒரு மாற்று.

நர்ஸ்களுக்கு ஒரு நேரான சொல்: நம் நாட்டு நடைமுறையில் ப்ரோப்பைப் பிடித்து அறிக்கை எழுதுவது மருத்துவரின் வேலை. ஆனால் எந்தக் குழந்தையை, எப்போது ஸ்கேன் செய்ய வேண்டும் என்று முதலில் கண்டுபிடிப்பது நீங்கள்தான். மணிக்கு மணி மூச்சுத்திணறலை அளக்கும் டவுன்ஸ் ஸ்கோர் போட்டு, 'சார், மூணு இருந்தது இப்ப ஆறு' என்று சொல்லும் சிஸ்டர் இல்லாத வார்டில் எந்த மெஷினும் வீண். எஸ்.என்.சி.யு. நர்ஸ்களுக்கான எஃப்.பி.என்.சி. பயிற்சியைத் தவறவிடாதீர்கள். கூடவே ஏ-கோடு, பி-கோடு பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். ரேடியோகிராபி படித்தவர்களும் கவனிக்க: வெளிநாட்டுச் சோனோகிராபர் வேலைக்கான விளம்பரத்தைக் காட்டி இங்கே அல்ட்ராசவுண்ட் படிப்பு விற்பவர்களிடம், இந்தியாவில் அதை வைத்துத் தனியாக ஸ்கேன் செய்ய முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராது.

வாசலில் நிற்பவர்களிடம்

கண்ணாடிப் பெட்டியில் குழந்தையை வைத்ததும் வாசலில் ஒரு குடும்பமே நிற்கும். பேசுவது பெரும்பாலும் குழந்தையின் பாட்டி. "டாக்டரு, மறுபடியும் எக்ஸ்ரேவா? புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதா?" இந்தக் கேள்விக்கு ஸ்கேன் நல்ல பதில். "இல்லம்மா, இது வயித்துல இருக்கும்போது பார்த்த ஸ்கேன் மாதிரிதான். கதிர் எதுவும் இல்ல. நெஞ்சுல தண்ணி வத்துதான்னு பார்க்கிறோம். நாளைக்குக் காலையில மறுபடியும் பார்த்துட்டு உங்ககிட்ட சொல்றேன்" என்றால் போதும். சொன்ன நேரத்தில் போய்ச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வியும் வரும்: "எண்ணூர் புகைதான் காரணமா சார்?" 2023 டிசம்பர் இரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் மூச்சுத்திணறி ஓடியதைப் பார்த்த ஊர், கேட்கத்தான் செய்யும். பிறந்த முதல் மணி நேரத்தில் வரும் மூச்சிரைப்புக்கு நேரடிக் காரணம் பெரும்பாலும் நீர், சர்ஃபாக்டன்ட், தொற்று இவற்றில் ஒன்று. அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மாசு பிரச்சினையே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது பொய், அவர்களுக்கும் தெரியும்.

வேலைக்குச் சேருமுன் அந்த யூனிட்டை ஒருமுறை நேரில் சுற்றிப் பாருங்கள். பச்சிளம் குழந்தைக்கேற்ற ப்ரோப் உண்மையில் இருக்கிறதா, அல்லது வயிற்றுக்கான வளைந்த ப்ரோப்பை வைத்துச் சமாளிக்கிறார்களா? 108-இல் வெளியிலிருந்து வரும் குழந்தைகளை எந்த அறையில் வைக்கிறார்கள், மெஷின் அங்கேயும் போகுமா? பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா? கடைசியாக, நைட் டூட்டி சிஸ்டர் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள், இரவு 2 மணிக்கு ஸ்கேன் அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று. ரேடியாலஜி டாக்டர் வீட்டில் என்று பதில் வந்தால், சம்பளம் பேசுவதற்கு முன் அந்தச் சாவியைப் பற்றிப் பேசுங்கள்.